வயிற்றுப் பக்கம் மூன்று ஓடுகள்

— கட்டுப் போட்ட கையவே பாத்துக்கிட்டு இருக்கீங்களே சார். மூஞ்சியப் பாத்துப் பேசுங்க.

— இல்ல டீச்சர்... வலி எப்படி இருக்குன்னு...

— வலி இருந்தா நல்லதுங்குறாரு டாக்டர். சுண்டு விரலும் மோதிர விரலும் வலிக்கவே மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு. மத்த மூணும் நல்லாக் கத்துது.

— சாக்பீஸ் பிடிக்கலாம்ல?

— ஆறு மாசம் போகட்டும்னாரு. அதுவரைக்கும் இடது கையிலதான் எழுதிப் பழகணும். நேத்து சிலேட்டுல என் பேர எழுதிப் பாத்தேன். ரஃபியான்னு எனக்கே படிக்க முடியல.

— என்னத்தச் சொல்ல டீச்சர். நெனச்சா மனசு ஆற மாட்டேங்குது.

— தம்பி, பேசுறது இருக்கட்டும், டீ ஆறுது. எடுத்துக் குடிங்க. ஏம்மா ரஃபியா, வந்த மனுசனுக்கு அந்த பிஸ்கோத்து தட்ட நகட்டி வைக்கக் கூடாது?

— எந்தக் கையால நகட்டுறதும்மா?

— யா அல்லா, என் புத்தி. இந்தாங்க தம்பி. சின்னாளபட்டியிலருந்து இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீங்க. நல்லா இருக்கணும் நீங்க. அன்னிக்கு எம்புள்ளய ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, பொழுது சாயுற வரைக்கும் கட்டில் பக்கத்த விட்டு நகரலையே. கூடப் பொறந்தவன் கூட அப்படி இருக்க மாட்டான். ஒவ்வொரு வக்து தொழுகையிலயும் உங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேக்குறேன்.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. எனக்கு எதுக்கு...

— செஞ்சதச் சொன்னா என்ன தம்பி? ஆனா ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. அது என்ன கூத்து, வீட்டு மேல போடுற ஓட்ட யாராச்சும் ஓடத்துல போயி ஒட்டுவாங்களா?

— அம்மா, எத்தன தடவ சொல்றது? இது தண்ணியில போற ஓடம் இல்ல. விண்ணோடம். வானத்துக்கு மேல போயிட்டு அப்படியே திரும்பி வந்து இறங்கும். மறுபடியும் போகும். திரும்பி வரும்போது காத்து உரசி அடிவயிறு நெருப்பாக் கொதிக்கும். உள்ள இருக்குறவங்க வெந்து போயிராம இருக்கத்தான் வயித்துப் பூரா ஓடு. அதத்தான் சாரும் நானும் தகரத்துல சின்னதாச் செஞ்சு பள்ளிக்கூடக் கண்காட்சியில வச்சோம்.

— என்னத்த ஓடமோ. மூணு மாசமா வீடு பூரா உமிச்சாம்பல். குடிக்கிற தண்ணியில கூடச் சாம்பல். கடைசியில எம்புள்ள கையத் தின்னுருச்சு. தம்பி, சோறு வடிக்கப் போறேன், சாப்புடாமப் போனீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும். அடுப்படியிலதான் இருக்கேன், எதுன்னாலும் கூப்புடு ரஃபியா.

— சரிம்மா.

— அம்மாவுக்கு என் மேல ரொம்பப் பிரியம் போல.

— அம்மாவுக்கு மட்டுமா? அஞ்சு வருசம் சர்வீஸ் போட்டவங்க எல்லாம் புதுசா வந்த பிசிக்ஸ் டீச்சர் ஏதோ வெளையாடுதுன்னு சிரிச்சாங்க. டிராயிங் மாஸ்டர் கமலக்கண்ணன் ஒருத்தர்தான் சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு வந்து, "என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர்"னீங்க. அத நான் மறக்க மாட்டேன் சார். பூட்டுப் பட்டறையில கெஞ்சித் தகரம் வாங்கியாந்தீங்க. அகரம் ரைஸ் மில்லுல உமிச்சாம்பல் மூட்டைய சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டாந்தீங்க.

— மூஞ்சியெல்லாம் சாம்பலாகி, என் வீட்டுக்காரி என்னைப் பாத்து அலறுனா.

— அந்தச் சாம்பலக் கொழச்சுச் செஞ்சது இருநூத்திப் பன்னெண்டு ஓடு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வளைவு, ஒண்ணு இருக்குற எடத்துல இன்னொண்ணு உக்காராது. பின்னாடி பென்சில்ல நம்பர் போட்டு, செங்கச் சூளையில குடுத்துச் சுட்டு, மில்லு பாய்லருக்குப் பூசுற சிமென்ட்ல ஒவ்வொண்ணா ஒட்டி, உள்ளங்கையால பத்து நிமிசம் அழுத்திப் பிடிச்சேன். அது மேல நீங்க வயித்துப் பக்கம் கருப்பு, முதுகுப் பக்கம் வெள்ளை அடிச்சீங்க. பொறுக்கி எடுத்த பிஸ்கோத்து மாதிரி அம்புட்டு அழகா இருந்துச்சு.

— நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

— நாலு நாளா வேற என்ன வேல எனக்கு? செவ்வாக்கெழமையிலருந்து இதையேதான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியணும் சார். திங்கக்கெழம பதினோரு மணிக்கு விசாரணைன்னு வாட்ச்மேன் ஆண்டிச்சாமி வந்து சொல்லிட்டுப் போனாரு. நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன். என் மேல தப்புன்னு ஒரு வரி எழுதுனாப் போதும், வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பொறவு ஒரு பள்ளிக்கூடமும் சேக்காது. "அந்த நெருப்பு டீச்சரா"ன்னு கேப்பாங்க.

— ஆமா டீச்சர்.

— நீங்க சொல்லுங்க. பக்கத்துல இருந்தது நீங்க. ஏன் சுட்டுச்சு?

— நான் டிராயிங் மாஸ்டர். எனக்கு என்னத்தத் தெரியும்?

— தெரிஞ்சதச் சொல்லுங்க.

— சிமென்ட் கலவையில கோளாறா இருக்குமோ? தண்ணி கூடிப் போயிருந்தா, சூடு பட்டதும் பேந்துரும்ல.

— நானும் மொத ரெண்டு நாள் அப்படித்தான் நெனச்சேன். என் கலவைதான் தப்பு, என் கை அழுத்துனது பத்தலன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அம்மா சோறு ஊட்டும்போது வாயத் தொறக்கவே வெக்கமா இருந்துச்சு. அப்ப உங்களுக்கும் அப்படித்தான் தோணுதா?

— இருக்கலாம். மனுசங்கன்னா தப்பு வரத்தானே செய்யும்? அதுக்காக உங்கள யாரு குத்தம் சொல்லப் போறா?

— அந்த அலமாரியில என் சோத்து டப்பா இருக்கு பாருங்க. செத்த எடுங்க.

— இதுவா?

— ஆமா. நான் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்தது. ஆண்டிச்சாமி கொண்டாந்து குடுத்தாரு. கூட்டும்போது கெடந்த ஓட்டுச் சில்ல, "டீச்சர் அருமையாச் செஞ்சதாச்சே"ன்னு டப்பாவுக்குள்ள அள்ளிப் போட்டுக் கொண்டாந்திருக்காரு. தொறங்க.

— டீச்சர், இதெல்லாம் இப்ப எதுக்கு...

— தொறங்க சார். எனக்கு ஒரு கையிதான இருக்கு.

— ம்.

— அந்தப் பெரிய சில்ல எடுங்க. உடைஞ்ச வாயப் பாருங்க. என்ன நெறம்?

— கருப்பு.

— நெருப்புல கருகுன கருப்பு இல்ல. நகத்தால சொரண்டுங்க, உரிஞ்சு வரும். போஸ்டர் கலர். உங்க பெயிண்ட் சார். நீங்க பெயிண்ட் அடிச்சது போன வாரம். அப்ப எல்லா ஓடும் முழுசா இருந்துச்சு. முழு ஓட்டுக்கு வெளியிலதான் கருப்பு இருக்கும், உள்ள சாம்பல் நெறந்தான் இருக்கணும். உடைஞ்ச வாயிக்குள்ள எப்படிக் கருப்பு போச்சு?

— எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?

— நெருப்பு பட்டு உடைஞ்சிருந்தா வாயும் சாம்பல் நெறமாத்தான் இருக்கும். கண்காட்சிக்கு முந்தியே உடைஞ்சிருக்கு. உடைஞ்சதுக்குப் பொறவு எவரோ கருப்பு அடிச்சிருக்காங்க. இப்பத் திருப்பிப் பாருங்க. பின்னாடி என்ன?

— காகிதம் மாதிரி இருக்கு.

— கரிஞ்ச நியூஸ் பேப்பரும் மைதாப் பசையும். சினிமா போஸ்டர் ஒட்டுற பசை. நான் இருநூத்திப் பன்னெண்டு ஓட்டுல ஒண்ணுக்குக் கூடக் காகிதம் வைக்கல. நம்ம பள்ளிக்கூடத்துல சார்ட் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுறது யாரு, கமலக்கண்ணன் சார்?

— டீச்சர்...

— நெருப்புக்கு முன்னாடி, காகிதத்த ஒட்டி வச்சது யாரு?

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அம்மா காதுல விழுந்துரும்.

— விழட்டுமே. உங்களுக்கு துஆ கேக்குற காது தானே.

— நான்தான் டீச்சர்.

— ம்.

— நான்தான். ஆனா உடைச்சது நான் இல்ல. எம் புள்ளைக மேல சத்தியமா நான் உடைக்கல.

— சொல்லுங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க.

— காலையில மல்லிகைப்பூ வாங்க நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தீங்கள்ல...

— பனிக் காலம், மல்லி கெடைக்காது. நிலக்கோட்டையிலருந்து மொத பஸ்ல ஒரு முழம் குடுத்து விடச் சொல்லியிருந்தேன். வயித்துல நெருப்பு எரியும்போது உள்ள வச்ச பூ வாடாம இருக்குன்னு புள்ளைகளுக்குக் காட்டணும். அதுக்குத்தான் போனேன்.

— அப்பத்தான் ஹெட்மாஸ்டர் ஹாலுக்கு வந்தாரு. ஓடத்தப் பாத்து அவருக்கு ஒரே சந்தோசம். "இம்புட்டு அழகா இருக்கே, கண்ணு படப் போகுது, சீஃப் கெஸ்ட் வாரதுக்குள்ள ஒரு தேங்கா உடைச்சுருவோம்"னாரு. சூடம் ஏத்தி மூணு சுத்து சுத்துனாரு. மேடைப் படிக்கல்லுலயே ஓங்கி அடிச்சாரு. நல்லா முத்துன காயி டீச்சர். பட்டாசு வெடிச்ச கணக்கா எட்டுத் திக்கும் தெறிச்சுச்சு. ஒரு சில்லு நேரா வந்து ஓடத்து வயித்துல...

— தேங்கா ஓடா!

— மூணு ஓடு. ஒண்ணு நொறுங்கிக் கீழ கொட்டிருச்சு, ரெண்டு விரிசல். ஹெட்மாஸ்டர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "சீக்கிரம் மூடி மறைய்யா, வண்டி வந்துரப் போகுது"ன்னாரு. பாய்லர் சிமென்ட் காய ஒரு நாள் ஆகும். எங்கிட்ட இருந்தது பசைதான். காகிதத்த மடிச்சு அடியில வச்சு, சில்லுகளப் பொருத்தி ஒட்டி, மேல கருப்புத் தடவுனேன்.

— சிரிக்கிறதா அழறதான்னு தெரியல எனக்கு. சார், அன்னிக்கு அந்த மேடையில நான் என்ன பேசுனேன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லுங்க.

— அமெரிக்காக்காரன் கதை.

— போன டிசம்பர்ல போன விண்ணோடம். கிளம்பும்போதே பக்கத்து ராக்கெட்டு மூக்குலருந்து ஒரு துண்டு பேந்து வந்து வயித்துல அடிச்சிருச்சு. எழுநூறு ஓட்டுக்கு மேல சேதம். ஒண்ணு முழுசாவே காணாமப் போச்சு. அந்த எடத்துல உள்ள தடியா ஒரு உலோகத் தகடு இருந்ததால உள்ள இருந்தவங்க உசுரோட வந்தாங்க. இதத்தான் லைப்ரரியில படிச்சுட்டு வந்து மூச்சு விடாமச் சொன்னேன். "ஒரே ஒரு ஓடு போதும் பிள்ளைகளே, ஒரே ஒரு ஓடு"ன்னேன். நீங்க நெருப்பப் பீச்சுற ப்ளோ லாம்பக் கையில வச்சுக்கிட்டு, பக்கத்துல நின்னு தலைய ஆட்டிக்கிட்டே கேட்டீங்க.

— எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துச்சு டீச்சர்.

— எனக்கு வேர்க்கலையே. நான் உங்களக் கேட்டேன்ல? பூவோட வந்த உடனே கேட்டேன். "என்ன சார், இந்தப் பக்கம் மட்டும் கருப்பு அடர்த்தியாத் தெரியுது?"ன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?

— நிழல்னு சொன்னேன்.

— "நிழல்தான் டீச்சர், டியூப் லைட்டு அந்தப் பக்கம் இருக்குல்ல." நான் தொட்டுப் பாக்கக் கைய நீட்டுனேன். "தொடாதீங்க, இப்பத்தான் தொடச்சு வச்சேன்"னீங்க. ஈரம்! பெயிண்ட் ஈரம் என் விரல்ல ஒட்டிக்கும்னு பயம். நான் என் கண்ண நம்பல. உங்க வார்த்தைய நம்புனேன். கமலக்கண்ணன் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பூவ உள்ள வச்சேன். பூவுக்குப் பக்கத்துல என் கைய வச்சேன்.

— நான் அந்தப் பக்கம் நெருப்பக் காட்டவே இல்ல டீச்சர். நல்ல ஓடு இருக்குற பக்கந்தான் பிடிச்சேன். அறுபது எண்ணுற வரைக்கும் அங்கயே பிடிச்சு முடிச்சுரலாம்னுதான் நெனச்சேன். அந்த போட்டோக்காரன்தான் கெடுத்தான்.

— "லாம்ப இப்படித் திருப்புங்க சார், டீச்சர் மூஞ்சி மறைக்குது"ன்னான். நான் சத்தமா எண்ணிக்கிட்டு இருந்தேன். நாப்பதுல நீங்க திருப்புனீங்க. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு, புகையா இருக்குமோன்னு நெனச்சேன். நாப்பத்தி மூணு. புள்ளைக எல்லாம் என் கூடச் சேந்து எண்ணுதுக. நாப்பத்தி நாலு. அஞ்சு. ஆறு. "கைய எடுங்க டீச்சர்"னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும் சார்? ஒரு எண்ணு கூட ஆகாது.

— வாயி வரல. அம்புட்டுப் பேரு முன்னாடி. சீஃப் கெஸ்ட் கை தட்டிக்கிட்டு இருக்காரு. ஹெட்மாஸ்டர் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. தாங்கிரும், இன்னும் கொஞ்சந்தான், தாங்கிரும்னு மனசுக்குள்ள...

— நாப்பத்தேழுல தகரம் பழுத்துருச்சு. கைய உருவுறேன், வளையல் ஓடத்துக் கதவுல மாட்டிக்கிச்சு. அத்தா போட்ட வளையல். ஆஸ்பத்திரியில வெட்டித்தான் எடுத்தாங்க.

— டீச்சர், நான் மனுசனே இல்ல. என்னைய அடிங்க.

— எந்தக் கையால?

— ஐயோ, அப்படிக் கேக்காதீங்க டீச்சர்.

— அழாதீங்க. நீங்க அழுதா நான் தேத்தணுமாக்கும்? அதுக்குப் பொறவு நாலு நாள் இருந்துச்சே சார். அன்னிக்குத்தான் வாயி வரல. மறுநாள்? அதுக்கு மறுநாள்? நான் என் சிமென்ட்ட நெனச்சுச் செத்துக்கிட்டு இருக்கேன். இப்பக் கூட, செத்த நேரத்துக்கு முந்தி, இதே சேர்ல உக்காந்து, என் டீயக் குடிச்சுக்கிட்டு "கலவையில கோளாறு"ன்னீங்களே. கை வெந்தது கூட ஆறிரும். இது எப்படி ஆறும்னு எனக்குத் தெரியல.

— உங்களுக்காகத்தான் டீச்சர் சொல்லாம இருந்தேன்.

— எனக்காகவா!

— யோசிச்சுப் பாருங்க. தேங்கா உடைச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு நீங்க வாயத் தொறந்தா, ஊர்ல வேற மாதிரிப் பேசுவாங்க. சாமி காரியத்தக் கொற சொல்லுதுன்னு கிளப்பி விடுவாங்க. நீங்களோ வேற ஆளுக. ஹெட்மாஸ்டரும் அதத்தான் சொன்னாரு. "அந்தப் பொண்ணுக்குத் தெரியாம இருக்குறதே அதுக்கு நல்லது"ன்னாரு.

— தேங்கா மேல எனக்கு என்ன கோவம் சார்? பத்தடி தள்ளி உடைச்சிருந்தா நானே சில்லப் பொறுக்கித் தின்னுருப்பேன். போன ஆயுத பூசைக்கு லேப்ல உடைச்சப்ப மொத சில்லு எனக்குத்தான் குடுத்தீங்க, நான் வேணாம்னா சொன்னேன்? எடம் தெரியாம உடைச்சது ஒரு மனுசன். மூடி மறைச்சது இன்னொரு மனுசன். இதுல சாமிய ஏன் இழுக்குறீங்க? எங்க ஆளுக உங்க ஆளுகன்னு மூணு மாசத்துல ஒரு நாள் கூட நம்ம பேசுனதில்ல. இன்னிக்கு ஒளிய எடம் இல்லாமப் போனதும் அதுக்குப் பின்னாடி போயி ஒளியுறீங்க.

— சரிதான். நீங்க சொல்றது அத்தனையும் சரிதான். பயம் டீச்சர். "ஒட்டுனவன் நீ, பெயிண்ட் அடிச்சவன் நீ, லாம்பப் பிடிச்சவன் நீ, போலீஸ் கேசுன்னு ஆனா உள்ள போறவன் நீதான்"னு ஹெட்மாஸ்டர் ஒரே போடாப் போட்டுட்டாரு. ரெண்டு சின்னப் புள்ளைக எனக்கு. தூக்கமே இல்ல.

— உங்கள ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு ஆச இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் சிமென்ட் தப்பு இல்லன்னு சொல்லுங்க. திங்கக்கெழம விசாரணைக்கு வந்து, தேங்காச் சில்லு தெறிச்சது, பசை வச்சு ஒட்டுனது, நான் கேட்டது, நிழல்னு நீங்க சொன்னது, இந்த நாலையும் சொல்லுங்க. தெரியாம நடந்துருச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க, நானும் ஆமான்னு சொல்றேன். உங்க மேல கேசு வேணாம்னு நானே கேட்டுக்குறேன். எனக்கு என் வேல வேணும் சார். இந்தத் தெருவுலருந்து வேலைக்குப் போன மொதப் பொம்பள நான். நான் வீட்டுல வந்து உக்காந்தா, எனக்குப் பின்னாடி படிக்கிற அத்தன பொம்பளப் புள்ளைகளையும் உக்கார வச்சுருவாங்க.

— தெரியும் டீச்சர்.

— அப்ப வாரீங்களா?

— டீச்சர்...

— வாரேன்னு சொல்லுங்க. நீங்க அத மட்டும் சொன்னா, அல்லா மேல ஆணையா, இன்னியோட இத மறந்துர்றேன். சோறு வெந்துருச்சு, வாசம் வருது பாருங்க. நம்ம சாப்புடுவோம். அம்மாவுக்கு எதுவும் தெரிய வேணாம்.

— விசாரணைக்கு வந்து சொல்லணும்னுதான் எனக்கும் இருக்கு.

— இருந்தாப் போதாது, வரணும்.

— திங்கக்கெழம நீங்க வர வேண்டியதில்ல டீச்சர்.

— ஏன், என் சார்பா நீங்களே சொல்லிக்கிருவீங்களா? வேணாம். எதுத்தாப்புல உக்காந்து நானும் கேக்கணும்.

— அதுக்கில்ல. இந்தக் கவர ஹெட்மாஸ்டர் குடுத்து விட்டாரு. வந்த உடனே குடுக்கணும்னுதான் வந்தேன். அம்மா டீ குடுத்துட்டாங்க. பொறவு நீங்க பேச ஆரம்பிச்சுட்டீங்க.

— விசாரணை நோட்டீசா? அத அப்பவே குடுக்குறதுக்கு என்ன? பிரிங்க, எனக்குப் பிரிக்க வராது. ம், இப்படிக் காட்டுங்க. கொஞ்சம் மேல. "தாங்கள் பதினான்காம் தேதி தாமாகவே முன்வந்து அளித்துள்ள ஒப்புதல் வாக்குமூலத்தின் அடிப்படையில்..." யாரு? நானா? "...ஓடுகளை ஒட்டியதில் ஏற்பட்ட கவனக்குறைவு தம்முடையதே எனத் தாங்கள் ஏற்றுக்கொண்டபடியால், மேற்கொண்டு விசாரணை தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, தகுதிகாண் பருவத்தில் உள்ள தங்களைப் பணியிலிருந்து..." இது என்ன சார்? யாருக்கோ எழுதுனத மாத்திக் குடுத்துட்டாங்களா?

— உங்களுக்குத்தான் டீச்சர்.

— நான் எந்த வாக்குமூலமும் குடுக்கலையே! பதினாலாம் தேதின்னா செவ்வாக்கெழம. கை வெந்த அன்னிக்கு. அன்னிக்குப் பூரா நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். உங்களுக்குத் தெரியுமே, கூடவே இருந்தது நீங்கதான! அப்பப் பொய்யா எழுதியிருக்காங்க. எனக்கு பதிலா எவரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. நல்லதாப் போச்சு சார், இத எங்க கொண்டு போயிக் காட்டுனாலும் நிக்காது. என் கையெழுத்து எப்படி இருக்கும்னு ஊருக்கே தெரியும். அதுல யாரு கையெழுத்து இருக்கு? நீங்க பாத்தீங்களா?

— கையெழுத்து இல்ல டீச்சர், ரேகை. ஊசி போட்டு நீங்க அசந்து தூங்கிக்கிட்டு இருந்தீங்க, அம்மா தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க, உங்க இடது கைப் பெருவிரல மையில தொட்டு நான்தான் பிடிச்சு வச்சேன்.